பல் போய் சல்லடை வந்த கதை

எங்கள் சத்துவாச்சாரி தெருவில் ஒரு வீடு கட்டுகிறார்கள். காலையில் சித்தாள் அக்கா சல்லடையைச் சாய்த்து நிறுத்தி, மணலை அள்ளி அள்ளி அதன்மேல் வீசுகிறார். நைசு மணல் அந்தப் பக்கம் விழ, கூழாங்கல் இந்தப் பக்கமே உருண்டு தங்கிவிடுகிறது. பல்லுக்குப் பதில் சல்லடைத் தகடு கொண்ட பலீன் திமிங்கலம் சாப்பிடுவதும் ஏறக்குறைய இதே முறையில்தான். வாய் நிறையக் கடல்நீரை மொண்டு, மேல்தாடையில் சீப்பு போலத் தொங்கும் தகடுகள் வழியே வெளியே தள்ளும். கூனி இறால் போன்ற கிரில்கள் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

அந்தத் தகடு எலும்பல்ல. நம் நகத்தில் இருக்கும் கெரட்டின். செத்தால் அழுகிவிடும், கல்லாவது அபூர்வம். அப்புறம் பழங்காலத் திமிங்கலத்துக்குச் சல்லடை இருந்ததா என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது? மேல்வாய் எலும்பைப் பார்க்கிறார்கள். தகடு தேயத் தேய வளர ரத்தம் வேண்டும். ரத்தக்குழாய் நுழைந்த துளைகள் எலும்பில் தெரியும்.

அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. அமெரிக்காவின் ஓரிகனில் கிடைத்த ஏட்டியோசீட்டஸ் என்ற பழங்காலத் திமிங்கலத்துக்குப் பல்லும் உண்டு, துளையும் உண்டு. இரண்டையும் சேர்த்தே வைத்திருந்ததா, அந்தத் துளை வெறும் ஈறுக்கானதா என்று இன்னும் வாதாடுகிறார்கள். அதே ஓரிகனின் மயபலீனா இன்னும் வேடிக்கை. 3.3 கோடி ஆண்டுப் பழசு. 2018இல் பெயர் வைத்தார்கள். பல்லும் இல்லை, சல்லடை இருந்த அடையாளமும் இல்லை. இரையை உறிஞ்சித் தின்றிருக்கும் என்கிறார்கள்.

பலீன் திமிங்கல வம்சத்தில் வந்த பெருவின் மிஸ்டகோடான் 3.6 கோடி ஆண்டுக்கு முன்பு பல்லோடு இருந்தது. சரி, அதன் பிறகு பல் மெல்ல மறைந்தது என்று ஒரே கோடு போடலாமா? முடியாது. அதற்கு ஒரு கோடி ஆண்டு கழித்தும் ஆஸ்திரேலியாவில் அதே வம்சத்து ஜான்ஜுசீட்டஸ் பெரிய கண்ணும் கூரிய பல்லுமாக வேட்டையாடிக்கொண்டிருந்தது. அதன் நீளம் சுமார் 3 மீட்டர்தான். 30 மீட்டர் நீலத் திமிங்கலம் மாதிரியான பூதங்கள் வந்ததெல்லாம் கடந்த சில பத்து லட்சம் ஆண்டுகளில்.

எங்கள் வேலூர் மலைகளில் இதையெல்லாம் தேடிப் பயனில்லை. இந்தப் பாறைகளுக்குச் சுமார் 250 கோடி வயது; உலகில் எலும்பு என்று ஒன்று தோன்றுவதற்கு வெகு முன்னால் உருவானவை. ஆனால் தடயம் கல்லில் மட்டும்தான் என்றில்லை. தாய் வயிற்றில் இருக்கும் பலீன் குட்டிக்கு இன்றைக்கும் பல்மொட்டு முளைக்கிறது. பிறப்பதற்குள் அது கரைந்துபோய், தகடு வளரத் தொடங்கிவிடுகிறது.