ஸ்டெப்னிக் காற்றில் இயங்கும் வாஷர் தொட்டி: கசிவு ஏன் வருகிறது, எப்படி அடைப்பது

ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் முன்கண்ணாடியைக் கழுவும் அமைப்பில் மோட்டார் கிடையாது. 1960களின் பிற்பகுதியில் வந்த வண்டிகளில், முன்பக்க டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னி டயரிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய் வாஷர் தொட்டிக்குச் செல்லும். டயரின் காற்று தொட்டி நீரின் மேற்பரப்பை அழுத்திக்கொண்டே இருக்க, ஓட்டுநர் குமிழை அழுத்தியதும் வால்வு திறந்து, நீர் கண்ணாடியின் மீது பீய்ச்சியடிக்கும். ஸ்டெப்னியில் சதுர அங்குலத்துக்கு 42 பவுண்டு வரை காற்று அடித்து வைக்க வேண்டும் என்பது தயாரிப்பாளர் கூறிய அளவு. அந்த அழுத்தம் வண்டி ஓட்டத் தேவையான அளவுக்கும் கீழே போய்விடாமல், இடையிலுள்ள தடுப்பு வால்வு தானாகவே மூடிக்கொள்ளும். மின்சாரமே தொடாமல், வண்டியில் ஏற்கெனவே இருக்கும் காற்றைக் கொண்டு ஒரு வேலையை முடித்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு, நான் அறிந்த பழைய கார் நுட்பங்களுள் மிக அழகானவற்றில் ஒன்று. ஆனால், இதே ஏற்பாடுதான் இந்தத் தொட்டியின் கசிவைச் சாதாரண வாஷர் தொட்டிகளின் கசிவைவிடக் கடினமான சிக்கலாக்குகிறது.

வேறு கார்களில் உள்ள அழுத்தமில்லாத தொட்டியில் நீர் 20 செ.மீ. உயரம் நிற்கிறது என்று கொண்டால், அதன் அடியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மீதும் 20 கிராம் எடைக்குச் சமமான விசையே தாக்கும். பீட்டிலின் தொட்டியில் 42 பவுண்டு அழுத்தம் இருக்கும்போது, அதே பரப்பின் மீது ஏறத்தாழ 3 கிலோ எடைக்குச் சமமான விசை இரவும் பகலும் ஓயாமல் செயல்படுகிறது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 150 மடங்கு வேறுபாடு. அழுத்தமில்லாத தொட்டியில் ஆண்டுக்கணக்கில் தாங்கும் ஓர் ஒட்டு இங்கே ஒரு நாளில் பிய்ந்துவிடுவதற்கு இதுவே காரணம்.

கசிவைத் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது, வெளியேறுவது நீரா காற்றா என்பதை. நீர்மட்டத்துக்குக் கீழே பிளவு இருந்தால் தரை நனையும். மேலே இருந்தால் எங்கும் ஈரமே தெரியாமல், ஸ்டெப்னியின் காற்று மட்டும் குறைந்துகொண்டே வரும். 20 பாகை செல்சியஸில் நீரின் பாகுநிலை, அதாவது ஓட்டத்தை எதிர்க்கும் தன்மை, காற்றினுடையதைப்போல் சுமார் 55 மடங்கு அதிகம் என்பதால், மயிரிழை போன்ற ஒரு பிளவின் வழியே நீர் நகரத் தயங்கும் வேகத்தைவிடப் பல மடங்கு விரைவாகக் காற்று நழுவிவிடும். எனவே, நீர் சொட்டவில்லை என்பதை வைத்துத் தொட்டி நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடக் கூடாது. குழாய் இணைப்புகள், மூடி, கழுத்துப் பகுதி, இரு பாதிகள் சேரும் விளிம்பு ஆகிய எல்லா இடங்களிலும் சோப்பு நீரைத் தடவினால், காற்று வெளியேறும் இடத்தில் குமிழிகள் எழும். டேஷ்போர்டின் பின்னால் இருக்கும் வால்வையும் மறக்காமல் பார்க்க வேண்டும். அங்கே சொட்டும் நீர் மின்கம்பிகளின் மீது விழக்கூடும்.

குற்றவாளி மூடியின் ரப்பர் வளையமாக இருந்தால் வேலை எளிது. பல ஆண்டுகள் நசுங்கியே கிடந்த ரப்பர் பழைய தடிமனுக்குத் திரும்பாமல் இறுகிவிடுகிறது. புதிய வளையம் போட்டுவிடலாம். அந்த வளையம் ஈபிடிஎம் ரப்பராக இருந்தால் பெட்ரோலிய கிரீஸைத் தடவக் கூடாது, அது ரப்பரை ஊதச் செய்துவிடும். சிலிகோன் கிரீஸ் ஏற்றது.

தொட்டியே பிளந்திருந்தால், அது ஏன் பிளந்தது என்பதைப் புரிந்துகொண்ட பிறகே சரிசெய்ய இறங்க வேண்டும். இத்தகைய தொட்டிகள் பெரும்பாலும் பாலிஎத்திலீனால் ஆனவை. பாலிஎத்திலீனின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். பிழிந்த இடியாப்பத்தின் இழைகள்போல ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதாலேயே அந்தப் பொருளுக்கு வலிமை கிடைக்கிறது. தொடர்ந்து இழுவிசை இருந்தால் இந்த இழைகள் மிக மெதுவாக ஒன்றிலிருந்து ஒன்று உருவிக்கொள்ளும். அப்போது சவர்க்காரமும் உடனிருந்தால், அது நுண்ணிய பிளவுகளுக்குள் ஊடுருவி அந்த உருவலை விரைவுபடுத்துகிறது. பாலிஎத்திலீனைச் சவர்க்காரம் கரைப்பதில்லை, அதனுடன் வேதிவினையும் புரிவதில்லை. விசையும் சவர்க்காரமும் சேரும் இடத்தில் மட்டும் பொருள் விரிசல் விடுகிறது. பாலிஎத்திலீனின் தரத்தை அளக்கும் புகழ்பெற்ற சோதனை ஒன்றில், கீறிய பட்டையை வளைத்துச் சவர்க்காரக் கரைசலில் அமிழ்த்தி, எவ்வளவு நேரத்தில் வெடிக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். பீட்டிலின் தொட்டி என்பது கண்ணாடியைக் கழுவும் சவர்க்கார நீரை அழுத்தத்தோடு பல்லாண்டுகள் அடைத்து வைத்த கலன். அந்தச் சோதனையை வண்டிக்குள்ளேயே நடத்தி வந்ததைப் போன்றதுதான் இது. மூடி திருகும் கழுத்திலும் கூரிய மூலைகளிலும் விசை குவிவதால், பிளவுகளையும் அங்கேயே முதலில் தேட வேண்டும்.

பிளவைக் கண்டதும் பலர் எடுப்பது எப்பாக்சிப் பசையை. பசை ஒட்ட வேண்டுமானால் முதலில் அது பரப்பின் மீது பரவி நனைக்க வேண்டும். ஒரு திரவத்தின் பரப்பு இழுவிசை திடப்பொருளின் பரப்பு ஆற்றலைவிடக் குறைவாக இருந்தால் மட்டுமே அது நன்றாகப் பரவும். பாலிஎத்திலீனின் பரப்பு ஆற்றல் மீட்டருக்கு ஏறத்தாழ 31 மில்லிநியூட்டன். எப்பாக்சியின் பரப்பு இழுவிசை சுமார் 45, நீருக்கு 72. ஆகவே எப்பாக்சி அங்கே பரவ மறுத்து, மேலோட்டமாக உட்கார்ந்து இறுகுகிறது. பசை எவ்வளவு வலியதாக இருந்தாலும் முழு வில்லையாகப் பெயர்ந்து வருவது இதனால்தான். நீல நிற வாயுச்சுடரை நொடிப்பொழுது ஓட்டினால் பரப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து பசையை ஏற்கும் நிலைக்கு வரும். தெளித்த நீர் திவலையாகாமல் படலமாகப் பரவுவது அதற்கு அடையாளம். அழுத்தமில்லாத தொட்டிக்கு அந்த வழி போதும். பீட்டிலின் தொட்டிக்கு நான் பசையைப் பரிந்துரைக்க மாட்டேன். உருக்கி இணைப்பதே இதற்குச் சரி.

உருக்கி இணைக்கும்போது இரு பக்கத்து மூலக்கூறுச் சங்கிலிகளும் எல்லையைத் தாண்டி மீண்டும் பின்னிக்கொள்கின்றன. பசை என்ற மூன்றாவது பொருளுக்கு அங்கே இடமில்லை. அதற்கு முன் பொருள் எது என்பதை உறுதிப்படுத்த வேண்டும். பிளாஸ்டிக்கின் வகையைக் காட்ட முக்கோணத்துக்குள் எண் இடும் வழக்கம் 1988இல்தான் வந்தது என்பதால் பழைய தொட்டியில் அந்தக் குறி இருக்காது. உள்விளிம்பிலிருந்து சீவிய துண்டு நீரில் மிதந்தால் பாலிஎத்திலீனாகவோ பாலிபுரோப்பிலீனாகவோ இருக்கலாம். பிவிசியும் நைலானும் மூழ்கும். சீவும்போதே இன்னொரு செய்தியும் கிடைக்கிறது. கத்திக்குப் பின்னால் சுருள் அறுபடாமல் வந்தால் பொருளில் இன்னும் உயிர் இருக்கிறது. பொடியாக உதிர்ந்தால் சங்கிலிகளே துண்டாகிவிட்டன, எத்தனை முறை உருக்கி இணைத்தாலும் இணைப்பின் ஓரத்திலேயே மறுபடியும் வெடிக்கும்.

தொட்டியை வண்டியிலிருந்து கழற்றியே வேலை செய்ய வேண்டும். பீட்டிலில் பெட்ரோல் தொட்டியும் அதே முன்பகுதியில்தான் இருக்கிறது. அதனருகே சுடரோ சூடான கருவியோ வரவே கூடாது. கழுவி நன்றாக உலர்த்திய பின், பிளவின் இரு முனைகளிலும் 2 மி.மீ. துளை இடுவது முதல் பணி. துளை இட்டால் கசிவு கூடுமே என்று தோன்றலாம். பிரிட்டிஷ் பொறியாளர் சார்லஸ் இங்கிலிஸ் 1913இல் வெளியிட்ட கணக்கு இதற்கு விடை தருகிறது. 10 மி.மீ. நீளப் பிளவின் முனை 0.01 மி.மீ. ஆரம் கொண்டதாக இருந்தால், அங்கே விசைச்செறிவு சுற்றுப்புறத்தைப்போல் சுமார் 45 மடங்காகும். முனையை 2 மி.மீ. துளையாக்கினால் அது ஏறத்தாழ 6 மடங்காக இறங்கிவிடும். மழுங்கிய முனையிலிருந்து பிளவு ஓடுவது மிகக் கடினம்.

பிறகு பிளவின் வழியே, சுவரின் தடிமனில் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்கு, வாய் அகன்ற பள்ளம் செதுக்கி, அதே பொருளாலான குச்சியைச் சால்டரிங் அயர்னால் உருக்கி நிரப்ப வேண்டும். பாலிஎத்திலீனையும் பாலிபுரோப்பிலீனையும் உருக்கினாலும் அவை ஒன்றோடொன்று கலப்பதில்லை என்பதால், குச்சியின் பொருள் மாறவே கூடாது. அடர் பாலிஎத்திலீன் சுமார் 130 பாகையிலும், அடர்த்தி குறைந்த வகை 110 பாகையை ஒட்டியும் உருகும். குச்சி மட்டும் உருகித் தொட்டிச் சுவர் உருகாமல் இருந்தால் இணைப்பு பொய்யானது. இரண்டும் பளபளப்பாகி ஒன்றில் ஒன்று கரையும்வரை பொறுமையாக அழுத்திப் பிடிக்க வேண்டும். புகை எழுந்தால் வெப்பம் மிகுந்துவிட்டது, அங்கே சங்கிலிகள் கருகுகின்றன என்று பொருள். வேலை முடிந்ததும் நீரில் முக்கிக் குளிரவைக்காமல் தானாக ஆறவிடுவது நல்லது. திடீரெனக் குளிர்ந்த இணைப்பில் உள்ளிறுக்கம் தங்கிவிடும், அதுவே அடுத்த விரிசலுக்கு விதை.

சோதிக்கும்போது வெறும் காற்றை அடைத்துப் பார்ப்பது ஆபத்தானது. 42 பவுண்டு அழுத்தத்தில் ஒரு லிட்டர் காற்று நூறு ஜூலுக்கும் மேற்பட்ட ஆற்றலைச் சேர்த்து வைத்திருக்கும். தொட்டி வெடித்தால் அது துண்டுகளை முகத்தை நோக்கி வீசும். நீரோ ஏறக்குறைய அமுங்காதது, அழுத்தம் ஏறினாலும் ஆற்றலைச் சேமிப்பதில்லை. எனவே தொட்டியை விளிம்புவரை நீரால் நிரப்பி, சிறிதளவே காற்றிடம் விட்டு, சைக்கிள் பம்பால் மெதுவாக அழுத்தமேற்றி, ஓர் இரவு முழுவதும் வைத்துப் பார்க்கலாம். காலையில் அழுத்தமானி அதே எண்ணைக் காட்டி, இணைப்பின் மீது வைத்த காகிதமும் உலர்ந்திருந்தால் தொட்டியை மீண்டும் பொருத்தலாம்.

சீவலில் பொடி உதிர்ந்த தொட்டியை அழுத்தத்துக்கு உட்படுத்த வேண்டாம். மறுதயாரிப்புத் தொட்டிகள் கிடைக்கின்றன. பழைய தொட்டியையே வைத்துக்கொள்ள விரும்புவோர், காற்றுக் குழாயைத் துண்டித்து, அதன் வழியே வெளிக்காற்று உள்ளே புகும்படி விட்டு, நீர்க்குழாயின் நடுவில் சிறிய மின்பம்பு ஒன்றை மறைவாக வைத்துவிடலாம். தொட்டியின் சுவர் அதன் பிறகு நீரின் எடையை மட்டுமே தாங்கினால் போதும். எந்த வழியானாலும், இனி ஊற்றும் நீரில் பாத்திரம் துலக்கும் சோப்பைக் கலக்காமல், அளவாக நீர்த்த வாஷர் திரவத்தையே பயன்படுத்த வேண்டும். வண்டி மாதக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால், ஸ்டெப்னியிலிருந்து குழாயைக் கழற்றி அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு, தொட்டியைக் காலியாக வைப்பதே அதற்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி.