சட்டை மூடாத இடத்தில் மட்டும் அரிக்கிறதா?

கருவாடு காய வைக்கும் பெண்களின் கையைப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும். புறங்கைத் தோல் தடித்துக் கறுத்துச் சொரசொரவென்று இருக்கும். சட்டைக் கை தொடங்கும் இடத்தில் கோடு போட்டதுபோல் நின்றுவிடும். முகத்தில் நெற்றியும் கன்னமும் தடித்திருக்க, தாடைக்கு அடியும் காதுக்குப் பின்புறமும் தப்பியிருக்கும். படர்தாமரைக்கு வெயில் நிழல் தெரியாது; வெயில் ஒவ்வாமைக்குத் தெரியும்.

பாம்பன் கரையிலும் வாலிநோக்கம் உப்பளத்திலும் வெயில் மேலிருந்து மட்டும் அடிப்பதில்லை. காய்ந்த மணல் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தையும், அலை நுரை 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்பும். பாசி எடுக்கப் போகிறவர்கள் சேலைக்கு மேல் சட்டை போடுவது நல்ல வழக்கம்தான். ஆனால் வெள்ளைப் பருத்தி நனைந்தால் கதிரைக் கூடுதலாக உள்ளே விடும். நெருக்கி நெய்த அடர்நிறத் துணியே மேல். சன்ஸ்கிரீன் அதற்கு அடுத்ததுதான்: முகம், கழுத்துக்கு இரண்டு விரல் நீளம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. கடல் தண்ணீர் பட்டால் மறுபடியும் பூச வேண்டும்.

மருந்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. டியூபிலிருந்து களிம்பை ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனி வரை பிதுக்கினால் அரை கிராம்; இதுதான் ஒரு விரல்நுனி அளவு. விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்குப் போதும். மணிக்கட்டுக்குக் கீழே ஒரு கைக்கு முன்னும் பின்னும் சேர்த்து ஒரு விரல்நுனி, முகம் கழுத்துக்கு இரண்டரை. உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, இரவில் பூசுங்கள். தடித்த புறங்கைக்குக் குளோபீட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டை இரண்டு வாரம் வரை எழுதுவோம். அதே டியூபை முகத்தில் தேய்த்தால் தோல் மெலிந்து, ரத்த நாளம் தெரிந்து, பரு கிளம்பும். நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கும். "அந்த ஆயின்மெண்ட்தான் கேட்குது" என்று மறுபடி மெடிக்கலுக்கு ஓடுவது இதனால்தான். 2018-ல் பல ஸ்டீராய்டு கிரீம்கள் மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவற்றில் சேர்க்கப்பட்டன; கடையில் கேட்டால் கிடைக்கிறது என்பது வேறு கதை.

முகத்துக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற வீரியம் குறைந்த ஸ்டீராய்டு சில நாள், பிறகு ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு. டாக்ரோலிமஸ் தோலை மெலியச் செய்யாது. முதல் சில நாள் மிளகாய் பட்டதுபோல் எரியும். ஒவ்வாமை என்று பயந்து டியூபைத் தூக்கிப் போடுகிறார்கள். பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். ஈரத் தோலில் பூசினால் எரிச்சல் கூடும்.

தோல் டாக்டரிடம் வரும்போது, சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் கொண்டு வாருங்கள். பிரஷருக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு, பருவுக்கான டாக்சிசைக்ளின் இரண்டுமே வெயில் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியவை. நீங்களாக நிறுத்த வேண்டாம். வாய்ப்புண், மூட்டு வலி, முடி உதிர்வு சேர்ந்திருந்தால் பூச்சு மருந்தோடு விடக் கூடாது. லூபஸ், அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய், இருக்கிறதா என்று ஏ.என்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் பார்க்க வேண்டும்.