ட்யூபில் இருப்பது வேறு, தோலுக்குள் போவது வேறு

ஆம்பூரிலிருந்து ஒரு தங்கை போன வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அவருடைய அப்பா முப்பது வருஷம் தோல் தொழிற்சாலையில் உழைத்தவர். இரண்டு கையிலும் கரப்பான். தோல் தடித்து, விரல் மடங்கும் இடமெல்லாம் வெடிப்பு. வேலூரில் தோல் டாக்டரிடம் காட்டி, குளோபிட்டசால் புரோப்பியோனேட் 0.05 சதவீதம் என்ற ஸ்டீராய்டு களிம்பை அவர் போடச் சொன்னால் போடுவதும் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவதுமாக ஒரு வருஷம் ஓடிவிட்டது. இந்த முறை டாக்டரே கம்பெனி பெயர் போடாமல் மருந்தின் பெயரை மட்டும் எழுதி, ஜெனரிக் கடையில் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். நாலாவது நாளே அப்பா முகம் சுளித்துவிட்டார். "பழசு கேட்ட மாதிரி இது கேக்கல, தடவுன கொஞ்ச நேரத்துல கை காஞ்சு போயிடுது" என்கிறாராம். தங்கையின் கேள்வி: "ரெண்டு ட்யூப்லயும் அதே பேரு, அதே 0.05 தான் அண்ணா போட்டிருக்கு. அப்பாவுக்கு மனசுல தோணுறதா, இல்ல நெஜமாவே வித்தியாசம் இருக்குமா?"

நிஜமாகவே இருக்கலாம். இதற்கு ஜெனரிக்கைக் குறை சொல்ல வேண்டியதில்லை, களிம்பு என்ற பொருளே அப்படிப்பட்டது. மாத்திரையில் இந்தச் சிக்கல் குறைவு: விழுங்குகிறோம், குடலில் கரைகிறது, ரத்தத்துக்குப் போகிறது, இரண்டு கம்பெனி மாத்திரைகளையும் கொடுத்து ரத்தத்தில் மருந்தின் அளவு ஒரே மாதிரி ஏறி இறங்குகிறதா என்று பார்த்தால் விஷயம் முடிந்தது. களிம்பு வேலை செய்ய வேண்டிய இடம் தோல். ரத்தத்தில் அது வந்து சேரவே கூடாது என்றுதான் தோலில் தடவுகிறோம். அப்புறம் ரத்தத்தை எடுத்துப் பார்த்து என்ன பயன்?

தோலில் ஒரு காவல்காரன் உட்கார்ந்திருக்கிறான். மேல்தோலின் உச்சியில், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு தடிமனில் செத்த செல்கள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். ஸ்ட்ராட்டம் கார்னியம் என்று பெயர். செல்கள் செங்கல் என்றால் இடையில் பூசிய சாந்து செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள். தண்ணீர் உள்ளே வராமலும் உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகாமலும் காப்பது இந்த மெல்லிய சுவர்தான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம். பச்சைத் தோலை முதலில் சுண்ணாம்பும் சல்ஃபைடும் கலந்த தண்ணீரில் போட்டு, ரோமத்தோடு மேல்தோலையும் கழற்றிவிட்டுத்தானே பதனிடவே ஆரம்பிக்கிறார்கள். நாம் காலில் ஷூவாகப் போடுவது உள்தோல் மட்டும்தான். மனுஷன் கையில் அந்தச் சுவர் இருந்த இடத்திலேயே இருக்க, மருந்து அந்தச் சாந்து வழியாக நெளிந்து நெளிந்து உள்ளே போயாக வேண்டும். மூலக்கூறு எடை ஏறத்தாழ 500 டால்டனை (மூலக்கூறுகளை எடை போடும் அலகு அது) தாண்டினால் போவது ரொம்பக் கஷ்டம். குளோபிட்டசால் புரோப்பியோனேட்டின் எடை 467, அதனால் தப்பிக்கிறது. கொலாஜன் சேர்த்த கிரீம் என்று ஆயிரக்கணக்கில் விற்கிறார்களே, கொலாஜனின் எடை சுமார் மூன்று லட்சம். அது சுவருக்கு வெளியேதான் நிற்கும்.

சரி, இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ஒரே 0.05 சதவீதம் மருந்து இருக்கும் இரண்டு களிம்புகள் ஏன் வேறு மாதிரி வேலை செய்ய வேண்டும்?

காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் டவுன் பஸ் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் நாற்பது பேர் ஏறினால் எல்லோருக்கும் சீட் உண்டு, ஸ்டாப்பிங்கில் கதவு திறந்தாலும் யாரும் அவசரப்பட மாட்டார்கள். அதே நாற்பது பேரை ஒரு மினி பஸ்ஸில் ஏற்றினால் படிக்கட்டு வரை பிதுங்கி நிற்பார்கள், கதவு திறந்த நொடியில் நாலு பேர் தாமாகவே வெளியே வந்து விழுவார்கள். ஆட்கள் அதே நாற்பதுதான். களிம்பின் அடிப்பொருள்தான் இங்கே பஸ். மருந்து அதில் தாராளமாகக் கரையும் என்றால் அங்கேயே சௌகரியமாக உட்கார்ந்துவிடும், தோலுக்குள் போக அதற்கு எந்த நெருக்கடியும் இல்லை. இதற்கு மேல் ஒரு துளிகூடக் கரையாது என்ற விளிம்பில், அதாவது தெவிட்டிய நிலையில், மருந்தை வைத்திருக்கும் அடிப்பொருளிலிருந்து அது தோலின் கொழுப்புச் சாந்துக்குள் வேகமாகத் தாவும். தள்ளுவது சதவீதம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், உண்மையில் தள்ளுவது இந்த நெருக்கடி. 1960-ல் டகேரு ஹிகுச்சி என்ற அமெரிக்க மருந்தியல் அறிஞர் இதைக் கணக்காகவே எழுதிவைத்தார். களிம்பு செய்வது வெறும் கலக்கும் வேலை என்ற எண்ணம் அதைப் படித்த அன்றோடு எனக்குப் போயிற்று.

இதற்கு நல்ல உதாரணம் பீட்டாமெத்தசோன் டைபுரோப்பியோனேட் என்ற இன்னொரு ஸ்டீராய்டு. அதுவும் 0.05 சதவீதம்தான். சாதாரண கிரீமாகச் செய்தால் வீரியத்தில் மூன்றாம் வகுப்பு (முதல் வகுப்புதான் உச்சம்), ஆயின்மென்டாகச் செய்தால் இரண்டாம் வகுப்பு, புரோப்பிலின் கிளைக்கால் என்ற கரைப்பானைக் கணக்காகச் சேர்த்து அடிப்பொருளைச் செப்பனிட்டால் குளோபிட்டசாலோடு சேர்ந்து முதல் வகுப்பில் உட்கார்ந்துவிடும். மருந்தின் அளவு கடுகளவுகூடக் கூடவில்லை.

இதில் ஆயின்மென்டுக்கு இன்னொரு பலமும் உண்டு. அது பெரும்பாலும் வாசலின் போன்ற பாரஃபின். தோல் மேல் மூடி போட்ட மாதிரி நின்று ஈரத்தை வெளியே விடாது, உள்ளே ஊறிய சுவர் நெகிழ்ந்து மருந்துக்கு வழிவிடும். கிரீமில் கணிசமாகத் தண்ணீர் இருக்கும், அது ஆவியாகிவிடும், பிசுபிசுப்பு இல்லாமல் சுகமாக இருக்கும், ஆனால் மூடி வேலையை அவ்வளவாகச் செய்யாது.

அப்படியானால் இரண்டு ஸ்டீராய்டு களிம்பும் ஒன்றுதான் என்று எதை வைத்துச் சொல்வது? இங்கேதான் அந்த அழகான பரிசோதனை வருகிறது. ஸ்டீராய்டு தோலுக்குள் போனால் அங்கே இருக்கும் சிறு ரத்தக் குழாய்கள் சுருங்கும். ரத்தம் குறைந்தால் அந்த இடம் வெளுக்கும். எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு மருந்து உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். 1962-ல் மெக்கன்சியும் ஸ்டௌட்டனும் முன்கையில் சின்னச் சின்ன இடங்களில் மருந்தைத் தடவி, பிளாஸ்டிக் தாளால் மூடி, மறுநாள் எடுத்து வெளுப்பைப் பார்த்தார்கள். ஊசி இல்லை, ரத்தம் இல்லை, தோலே பதில் சொல்லிவிடுகிறது! அதே ஸ்டௌட்டன் 1987-ல் ஜெனரிக் ஸ்டீராய்டு களிம்புகளை இந்த முறையில் ஒப்பிட்டபோது சில ஜெனரிக்குகள் பிராண்டு களிம்பு அளவுக்கு வெளுக்கவைக்கவில்லை என்று தெரிந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1995-ல் இந்த வெளுப்புச் சோதனையையே ஸ்டீராய்டு களிம்புகளுக்கான சம அளவுகோலாக ஆக்கியது.

படிக்கிற காலத்தில் என் கையிலேயே ஒரு முறை பார்த்திருக்கிறேன். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் போய் முன்கையைச் சாய்த்துப் பிடித்தால், மாநிறத் தோலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சோகை பிடித்த மாதிரி ஒரு வட்டம், சுற்றிலும் வழக்கமான நிறம், நடுவில் மட்டும் சிவப்பு வடிந்துபோயிருந்தது. நம் நிறத் தோலில் கண்ணால் மதிப்பெண் போடுவது சிரமம், அதனால் சிவப்பை அளக்கும் நிறமானி வேண்டும்.

இதில் இன்னும் ஒரு அதிசயம். 1963-ல் விக்கர்ஸ் என்பவர், வெளுப்பு மறைந்து பல நாள் ஆன இடத்தை, புதிதாக மருந்து எதுவும் தடவாமல் வெறும் பிளாஸ்டிக் தாளால் மூடினார். வெளுப்பு திரும்ப வந்தது. அந்த மெல்லிய செத்த அடுக்கு மருந்தை ஏரி மாதிரி தேக்கிவைத்திருந்திருக்கிறது! வெடித்த தோலில் இந்தத் தேக்கம் குறைவாக இருக்கும், இருந்தாலும் களிம்பை மாற்றிய நாலாவது நாளில் தீர்ப்பு சொல்வது ஏன் அவசரம் என்று இதிலிருந்து புரியும். பழைய மருந்தின் மிச்சம், புதியதன் தொடக்கம் இரண்டும் கலந்த கணக்கு அது.

நம் நாட்டில் 2017-ல் வந்த விதி, எளிதில் கரையாத சில வகை மருந்துகளை வாய்வழி மருந்தாக விற்பதற்குச் சமத்தன்மைச் சோதனை கேட்கிறது. தோலில் தடவுவதை அது தொடவில்லை. எனக்கு இதில் உண்மையாகவே ஆதங்கம் உண்டு. சில டஜன் தன்னார்வலர்களும் ஒரு நிறமானியும் போதுமே. வேலூரைச் சுற்றியே சி.எம்.சி., அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி, வி.ஐ.டி. என்று இத்தனை நிறுவனங்கள் இருக்கின்றன. முதல்வர் மருந்தகங்களும் மக்கள் மருந்தகங்களும் திறக்கிற மாநில, மத்திய அரசுகள், அங்கே விற்கும் களிம்புகளுக்கு இப்படி ஒரு ஆய்வுக்குப் பணம் ஒதுக்கி முடிவைத் தமிழில் வெளியிட்டால், மலிவானதை ஏழை பயமில்லாமல் வாங்குவான். அதைச் செய்யாமல் நம்பு நம்பு என்றால் எப்படி நம்புவது? விலை கூடினால் வீரியம் கூடும் என்ற நம்பிக்கையும் ஒரு மூடநம்பிக்கைதான், அக்கி வந்தவர் காவியால் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல. அக்கி வைரஸால் வருவது, முதல் 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் நல்ல பலன், அந்த மூன்று நாளும் காவியில் போய்விடுகிறது.

தங்கையிடம் இரண்டு ட்யூபையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பெயர் சரியாக இருந்தது. குளோபிட்டசோன் என்று ஒரு மருந்து உண்டு, பெயரின் கடைசியில் மட்டும்தான் வித்தியாசம், வீரியம் பல படி கீழே, அதுதான் என் முதல் சந்தேகம். அது இல்லை. கூட ஒட்டியிருப்பதும் அதே புரோப்பியோனேட், 0.05-ம் அதே. ஆனால் பழைய ட்யூபில் பெயருக்குக் கீழே ஆயின்மென்ட், புதியதில் கிரீம். சீட்டில் ஆயின்மென்டா கிரீமா என்று எழுதாமல் விட்டிருக்கிறது, கடையில் கையிருப்பில் இருந்ததைக் கொடுத்திருக்கிறார்கள். "காஞ்சு போயிடுது" என்று அப்பா சொன்னது அச்சு அசலான உண்மை.

டாக்டரிடம் போனில் கேட்டு, ஆயின்மென்ட் என்று எழுதி வாங்கி, அதே ஜெனரிக் கடையிலேயே ஆயின்மென்டாக வாங்கியாயிற்று. இன்னும் இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறேன். ஆள்காட்டி விரலின் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் அது அரை கிராம், விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை பரப்புக்குப் போதும், அதே மருந்தை முகத்துக்கு இழுக்கவே கூடாது. ஒரு ஸ்டீராய்டை வைத்து 1967-ல் அளந்தபோது முன்கையைவிட நெற்றி 6 மடங்கும் தாடை 13 மடங்கும் உறிஞ்சியது. அப்புறம் ட்யூபை வண்டி டிக்கியில் வைக்க வேண்டாம். கத்திரி வெயிலில் டிக்கிக்குள் பாரஃபின் உருகி, மருந்தைச் சுமக்கும் நுண்துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பிரிந்துவிடும். மூடியைத் திறந்ததும் முதலில் தெளிவாக எண்ணெய் வழிந்தால் அந்த ட்யூபில் எந்தச் சதவீதத்தையும் நம்ப முடியாது.

டாக்டர் இரண்டு வாரம் போடச் சொல்லியிருக்கிறாராம். அது முடிந்ததும் அப்பா கையை, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.