பழைய விண்டோஸை அழிக்கும் முன் வாசல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

அச்சகம் நடத்தும் அண்ணாச்சி ஒருவர் ஒரு நாள் காலை சிபியூவைத் தூக்கிக்கொண்டு எங்கள் சர்வீஸ் கடைக்கு வந்தார். அதற்கு முந்தைய ஆண்டு அதில் எஸ்எஸ்டி என்ற வேகமான 240 ஜிபி டிஸ்க் ஒன்றைப் புதிதாகப் பொருத்தி, விண்டோஸ் 10 ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். பழைய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கும் அதிலிருந்த விண்டோஸ் 7-உம் அப்படியே உள்ளே இருந்தன. அந்த டிஸ்க் சில நாளாகச் சத்தம் போடவே, வேலையெல்லாம் புதியதில்தானே நடக்கிறது என்று அவருடைய மகன் அதன் கேபிளைக் கழற்றிவிட்டார். மறுமுறை சுவிட்சைப் போட்டபோது, கறுப்புத் திரையில் 'ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்' என்ற ஒற்றை வரிதான் வந்தது.

"புது விண்டோஸ் எஸ்எஸ்டியிலதான தம்பி இருக்கு? பொறவு ஏன் வர மாட்டேங்கு?" என்று அண்ணாச்சி கேட்டார். கேள்வி நியாயமானது. விண்டோஸ் இருந்தது எஸ்எஸ்டியில்தான். அதற்குள் நுழையும் வாசல் மட்டும் பழைய டிஸ்க்கில் இருந்தது.

கணினியை இயக்கியதும் ஓடத் தொடங்கும் பயோஸ் என்ற அடிப்படை நிரல் நேராக விண்டோஸ் கோப்புறையைத் தேடிப் போவதில்லை. விண்டோஸை எழுப்பும் (பூட் செய்யும்) பூட் மேனேஜர் என்ற சிறு நிரலை முதலில் பிடிக்கிறது. எந்தெந்த இயங்குதளம் டிஸ்க்கின் எந்தப் பகுதியில், அதாவது எந்தப் பார்ட்டிஷனில், இருக்கிறது என்ற பட்டியலை அந்த நிரல்தான் படிக்கிறது. புதிய விண்டோஸை ஏற்றும்போது, ஏற்கெனவே பூட் ஆகும் பார்ட்டிஷன் ஒன்று பயோஸின் முதல் டிஸ்க்கில் இருந்தால், நிறுவும் நிரல் தனியாக இன்னொன்றை உருவாக்காமல் அதிலேயே தன் பூட் கோப்புகளையும் வைத்துவிடும். விண்டோஸ் 7 தனக்கென ஒதுக்கும் 'சிஸ்டம் ரிசர்வ்டு' என்ற 100 எம்பி பார்ட்டிஷன் பெரும்பாலும் இப்படித்தான் இரண்டு விண்டோஸுக்கும் பொது வாசலாகிவிடுகிறது. எஸ்எஸ்டியில் விண்டோஸ் ஏற்றுகிறவர் பழைய டிஸ்க்கின் கேபிளை அந்த அரை மணி நேரம் மட்டும் கழற்றி வைத்திருந்தால் இந்தச் சிக்கலே எழாது. தொழில் செய்கிற நாங்களே அவசரத்தில் இதை விட்டுவிடுகிறோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்தன. ஆகவே பழையதை நீக்கிவிட்டு, இன்னும் ஆதரவுள்ள புதியதை மட்டும் வைத்துக்கொள்ள நினைப்பது சரியான எண்ணமே. பாதுகாப்புத் திருத்தம் வராத இயங்குதளத்தை இணையத்தில் திறந்து வைப்பதை யாருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை. அழிக்கும் முன் செய்ய வேண்டிய சோதனையைப் பலர் செய்வதில்லை என்பதுதான் என் கவலை.

அந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். வைத்திருக்கப் போகும் விண்டோஸில் நுழைந்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திரையைத் திறந்தால், ஒவ்வொரு பார்ட்டிஷனின் கீழும் சில சொற்கள் இருக்கும். அவற்றில் 'பூட்' என்று எழுதியிருப்பது, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் உள்ள இடம். 'சிஸ்டம்' என்று எழுதியிருப்பதே பூட் கோப்புகள் உள்ள இடம். பெயர்கள் தலைகீழாக இருக்கின்றன என்று உங்களுக்குத் தோன்றினால் அது உங்கள் தவறன்று. மைக்ரோசாஃப்ட் வைத்த பெயர்கள் அப்படி. நீங்கள் அழிக்க நினைக்கும் டிஸ்க்கிலோ பார்ட்டிஷனிலோ 'சிஸ்டம்' என்ற சொல் இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். விண்டோஸ் தன் திரையிலிருந்து அதை ஃபார்மட் செய்ய விடாது. ஆனால் வெளியார் மென்பொருளுக்கும், விண்டோஸ் ஏற்றும் பென் டிரைவுக்கும், ஸ்குரூ டிரைவருக்கும் அந்தத் தடை கிடையாது.

வாசலை இடம் மாற்றுவது கடினமன்று. அண்ணாச்சியின் டிஸ்க் சத்தம் போட்டாலும் உயிருடன் இருந்ததால், கேபிளை மீண்டும் செருகி விண்டோஸ் 10-க்குள் நுழைந்தோம். எஸ்எஸ்டியின் பார்ட்டிஷனை 'ஆக்டிவ்' என்று குறித்துவிட்டு, நிர்வாகி உரிமையுடன் திறந்த கமாண்ட் பிராம்ப்ட்டில் 'பிசிடிபூட்' என்ற கட்டளையால் பூட் கோப்புகளை அதிலேயே எழுதினோம். பயோஸில் எஸ்எஸ்டியை முதலாவதாக வைத்து, பழைய டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்தோம், விண்டோஸ் வந்தது. டிஸ்க் முழுவதும் அழிந்த பிறகு வந்திருந்தாலும், விண்டோஸ் பென் டிரைவின் பழுதுநீக்கும் பகுதியிலிருந்து இதே கட்டளையைக் கொடுத்து மீட்டிருக்கலாம். அதனால்தான், இரண்டு இயங்குதளம் உள்ள எந்த டூயல் பூட் கணினியில் கை வைப்பதாக இருந்தாலும், அதற்குரிய விண்டோஸ் பென் டிரைவை முதலில் தயார் செய்து, அதிலிருந்து ஒருமுறை பூட் ஆகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

பழைய பயோஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ முறையில் இயங்கும் கணினிகளில் இந்த வாசல் 'ஈஎஃப்ஐ' என்ற தனிப் பார்ட்டிஷனில் இருக்கும். விண்டோஸ் அதைப் பெரும்பாலும் 100 எம்பி அளவில் உருவாக்கும். டிரைவ் எழுத்து இல்லாததால் ஃபைல் எக்ஸ்புளோரரில் அது தெரியாது. சிறியதாக, பெயரில்லாமல், எதற்கென்று புரியாமல் கிடப்பதால் 'இடத்தை மிச்சப்படுத்துகிறேன்' என்று அதை அழித்துவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் கணினி எந்த முறையில் இயங்குகிறது என்பதை 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' பக்கத்தில் 'பயோஸ் மோடு' என்ற வரி சொல்லிவிடும்.

உபுண்டு போன்ற லினக்ஸை நீக்குவதில் நிகழும் விபத்து வேறு வகை. கல்லூரிப் பாடத்துக்காக உபுண்டு போட்ட மாணவர், படிப்பு முடிந்ததும் விண்டோஸிலிருந்தே அதன் பார்ட்டிஷனை அழித்துவிடுகிறார். மறுமுறை இயக்கினால் 'க்ரப் ரெஸ்க்யூ' என்ற வரியோடு திரை நின்றுவிடுகிறது. பழைய பயோஸ் முறையில், லினக்ஸின் பூட் நிரலான க்ரப் தன் தலைப்பகுதியை டிஸ்க்கின் முதல் 512 பைட்டிலும் அதையடுத்த சிறு இடைவெளியிலும் வைத்துவிட்டு, மற்றவற்றை லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் வைத்திருக்கும். பார்ட்டிஷன் போனதும் தலை மட்டும் மிஞ்சி, உடலைத் தேடித் தவிக்கிறது. ஆகவே அங்கே வரிசை முக்கியம்: விண்டோஸ் பென் டிரைவில் பூட் செய்து, 'பூட்ரெக்' கட்டளையால் அந்த முதல் பகுதியில் விண்டோஸின் நிரலை எழுதி, விண்டோஸ் நேராக வருகிறது என்று உறுதிசெய்த பிறகே லினக்ஸ் பார்ட்டிஷனைத் தொட வேண்டும்.

யூஇஎஃப்ஐ கணினியில் இது எளிது. விண்டோஸின் பூட் கோப்புகள் தனிக் கோப்புறையில் பத்திரமாக இருப்பதால், செட்டப் திரையில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதை முதலிடத்துக்கு உயர்த்தினால் போதும். பின்னர் லினக்ஸின் பார்ட்டிஷன்களை நீக்கி, ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் உபுண்டு என்ற பெயருள்ள கோப்புறையை மட்டும் அழிக்கலாம். பக்கத்தில் இருக்கும் மைக்ரோசாஃப்ட், பூட் என்ற கோப்புறைகள் பக்கம் போகவே வேண்டாம். உண்மையைச் சொன்னால், சில எம்பி அளவுள்ள அந்த உபுண்டு கோப்புறை அப்படியே கிடந்தாலும் ஒரு கேடும் இல்லை. கை நடுங்குகிறவர்கள் விட்டுவிடலாம்.

இதற்கு முன், டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரைக் கவனிக்க வேண்டும். பிட்லாக்கரோ 'டிவைஸ் என்கிரிப்ஷன்' வசதியோ இயங்கும் மடிக்கணினியில் பூட் அமைப்பை மாற்றினால், அடுத்த முறை 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று முன்பே பார்த்து, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அந்தச் சாவி இல்லாமல் வரும் மடிக்கணினிக்கு எங்களால் எதுவும் செய்ய முடியாது.

பூட் சிக்கலை எப்படியும் சரிசெய்துவிடலாம். கோப்பு போனால் போனதுதான். எஸ்எஸ்டியில் இன்னும் மோசம். ஹார்ட் டிஸ்க்கில் தவறி ஃபார்மட் செய்தால் மேலே எதுவும் எழுதாதவரை மீட்க வழியுண்டு. எஸ்எஸ்டியில் ஃபார்மட் செய்ததும் 'இந்த இடங்கள் இனித் தேவையில்லை' என்று விண்டோஸ் அனுப்பும் 'ட்ரிம்' கட்டளையால் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். எனவே டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் என்ற இரண்டு கோப்புறைகளை எடுத்துவிட்டு 'பேக்கப் ஆகிவிட்டது' என்று சொல்வது போதாது. டாலி கணக்குகள் பலரிடம் அது நிறுவப்பட்ட கோப்புறைக்குள்ளேயே இருக்கின்றன. குரோம் சேமித்து வைத்த கடவுச்சொற்கள் அந்த விண்டோஸ் பயனர் கணக்கோடு பிணைத்துப் பூட்டப்பட்டவை. கோப்புறையை மட்டும் நகலெடுத்தால் திறக்காது, பழைய விண்டோஸ் உயிரோடு இருக்கும்போதே அதற்குள் நுழைந்து வெளியே எடுக்க வேண்டும். விண்டோஸின் கோப்புப் பூட்டு வசதியால் பூட்டிய கோப்புகளுக்கும் இதுவே விதி.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. அண்ணாச்சி விண்டோஸ் 7-ஐ இவ்வளவு காலம் விடாமல் வைத்திருந்ததற்குக் காரணம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளும் பாமினி எழுத்துருவும்தான். அவருடைய கல்யாணப் பத்திரிகைக் கோப்புகள், எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறையில் உள்ளவை அல்ல. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். மெய்யெழுத்தின் மேல் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் அரைப்புள்ளி நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தவர்களும் உண்டு. பழைய விண்டோஸின் 'ஃபான்ட்ஸ்' கோப்புறையை முழுமையாகப் பிரதி எடுத்து வைத்தால் இந்தத் தொல்லை வராது. அவருக்கு அதைத்தான் முதலில் செய்தோம்.

இவ்வளவும் முடிந்த பிறகும் நான் உடனே அழிப்பதில்லை. இரண்டு டிஸ்க் உள்ள கணினி என்றால், பழையதன் கேபிளைக் கழற்றி வைத்துப் பத்து நாள் வேலை செய்யச் சொல்கிறேன். அந்தப் பத்து நாளில் ஏதாவது ஒரு பிரிண்டர் டிரைவரோ, யாரோ அனுப்பிய பழைய பில்லோ தேவைப்பட்டு, 'தம்பி, அதைத் திரும்ப மாட்டித் தர முடியுமா?' என்று தொலைபேசி வருவது வழக்கம்.

அழிக்கும் நேரத்தில் ஏமாற்றுவது டிரைவ் எழுத்து. விண்டோஸ் 10-இல் இருக்கும்போது டி என்று தெரியும் பார்ட்டிஷன், விண்டோஸ் 7-இல் நுழைந்தால் சி என்று தெரியும். பென் டிரைவில் பூட் செய்தால் இரண்டும் மாறியிருக்கலாம். எழுத்தை நம்பாமல் 'பழையது', 'புதியது' என்று பார்ட்டிஷன்களுக்குப் பெயர் வைத்துவிட்டு, கொள்ளளவையும் ஒத்துப் பாருங்கள். 'டிஸ்க்பார்ட்' கருவியில் 'கிளீன்' என்ற கட்டளை உறுதி கேட்காமல் அந்த டிஸ்க்கின் எல்லாப் பார்ட்டிஷன்களையும் நீக்கிவிடும். எங்கள் கடையில் அதைப் பயன்படுத்தும்போது, வைத்திருக்கப் போகும் டிஸ்க்கைக் கழற்றிய பிறகே கை வைக்க வேண்டும் என்பது கட்டாயம்.

ஒரே டிஸ்க்கில் இரண்டும் இருந்தால், காலியான இடத்தைச் சி டிரைவோடு சேர்க்கப் பலரும் ஆசைப்படுகிறார்கள். சி-க்கு வலப்பக்கம் ஒட்டியிருக்கும் காலி இடத்தை மட்டுமே விண்டோஸ் சேர்த்துக்கொள்ளும். பழைய விண்டோஸ் இடப்பக்கம் இருந்தது என்றால், வெளியார் மென்பொருளால் பார்ட்டிஷனை நகர்த்த வேண்டியிருக்கும். மணிக்கணக்கில் ஓடும் அந்த வேலையின் நடுவில் மின்சாரம் போனால் இரண்டும் கெடும். யூபிஎஸ் பேட்டரி நன்றாக இல்லாத இடத்தில் நான் அதைச் செய்ய மறுத்துவிடுகிறேன். காலி இடத்தை ஃபார்மட் செய்து தனி டிரைவாக வைத்துக்கொண்டால் என்ன குறை?

பழையது போன பிறகும் பூட் பட்டியலில் அதன் பெயர் இருந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு நாளும் 30 விநாடி திரை காத்து நிற்கும். விண்டோஸிலேயே உள்ள 'எம்எஸ்கான்ஃபிக்' என்ற கருவியைத் திறந்து 'பூட்' பக்கத்தில் அந்தப் பெயரைத் தேர்ந்து நீக்குங்கள். அதே பக்கத்தில் 'கரன்ட் ஓஎஸ்' என்ற குறிப்பு எதன் அருகில் இருக்கிறதோ அதைத் தொடாதீர்கள். பட்டியலில் ஒரு பெயர் மட்டும் மிஞ்சியதும், அந்தத் திரை தானாகவே வராமல் போய்விடும்.