விழுமியம்: சொல் விளக்கம்

‘மதிப்பு அடிப்படையிலான பொறுப்புத் தலைமைத்துவம்.’ மேலாண்மை மாணவர்களுக்கான பயிலரங்கு ஒன்றின் கையேட்டில், ஆங்கில ‘வேல்யூஸ்’ஐ ‘மதிப்பு’ ஆக்கி, முதல் பக்கத்திலேயே இப்படி அச்சிட்டிருந்தார்கள். மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, “முக மதிப்பா, சந்தை மதிப்பா, ஐயா?” என்று கேட்டார். வணிகவியல் படித்த பெண், மதிப்பு என்றதும் வேறு எதை நினைப்பார்? இந்தத் தொடரை நான் பார்ப்பது இது முதல் முறையும் அல்ல. பொறுத்தது போதும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

ஆங்கில ‘வேல்யூ’வுக்கு வேர், வலிமையோடிருத்தலையும் பெறுமானத்தையும் குறிக்கும் ‘வலேரே’ என்ற லத்தீன் வினை. பொருளின் பெறுமானத்துக்கும், ஒருவர் உயர்ந்ததென்று பற்றி நிற்கும் நெறிக்கும் ஆங்கிலத்தில் அது ஒன்றே சொல். தமிழில் அந்தத் தட்டுப்பாடு இல்லை. நெறியைக் குறிக்க, ‘விழுமிய’ என்ற பழைய சொல்லிலிருந்து வந்த விழுமியம் நம்மிடம் இருக்கிறது. விழுமம் என்பதற்குச் சீர்மை, சிறப்பு, இடும்பை என மூன்று பொருள் தருகிறது தொல்காப்பிய உரியியல். இடும்பை என்றால் துன்பம்; அது ஏன் இங்கே வந்தது என்று தயங்குவோர் உண்டு. மேலதிகாரி நீட்டும் பொய்க்கணக்கில் கையெழுத்திட மறுத்தவரைக் கேட்டால், அந்த மூன்றாம் பொருளும் பொருத்தம்தான் என்பார்.

“மதிப்பு எளிய சொல், விழுமியம் யாருக்குப் புரியும்?” என்பது எதிர்த்தரப்பின் வாதம். ‘ஒழுக்கம் விழுப்பம் தரலான்’ என்று பள்ளியில் ஒப்பித்த பிள்ளைகளுக்கா புரியாது? ‘கேடில் விழுச்செல்வம் கல்வி’ என்ற குறளும் அவர்கள் அறிந்ததுதான். எளிமை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் வேறொரு பொருளில் ஏற்கெனவே வேரூன்றிவிட்ட சொல்லை இங்கே இழுத்து வருவது எளிமை ஆகாது, குழப்பம்தான். சந்தை மதிப்பு, சொத்து மதிப்பு, மதிப்புக் கூட்டு வரி என்று கணக்கேடு முழுவதும் அந்தச் சொல் பரவிக் கிடக்கிறது. இலங்கைத் தமிழர்கள் விலைக்கணக்குக்குப் பெறுமதி என்றும் நெறிக்கு விழுமியம் என்றும் தெளிவாகப் பிரித்து எழுதுகிறார்கள். அங்கே அது பெறுமதி சேர் வரி. நாமும் அப்படிப் பிரிப்பதில் என்ன கஷ்டம்?

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு அமெரிக்காவின் என்ரான் என்ற எரிசக்தி நிறுவனமே சாட்சி. மரியாதை, நேர்மை, கருத்துப் பரிமாற்றம், மேன்மை என நான்கைத் தன் விழுமியங்களாக ஆண்டறிக்கையில் அச்சிட்ட நிறுவனம் அது. எதிர்காலத்தில் வரக்கூடிய லாபத்தை இன்றைய சந்தை மதிப்பாக ஏட்டில் ஏற்றும் கணக்கு முறையில் அவர்கள் கைதேர்ந்தவர்கள். 2001 டிசம்பரில் திவாலானது. அதன் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஜெஃப்ரி ஸ்கில்லிங், ஹார்வர்டு வணிகப் பள்ளியில் எம்.பி.ஏ. முடித்தவர். 2006இல் மோசடி வழக்கில் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பு வந்தது. மதிப்பில் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. விழுமியம் அச்சில் மட்டும் இருந்தது. கையேட்டுத் தமிழில் இந்தக் கதையை எழுதிப் பாருங்கள்: ‘மதிப்பை உயர்த்திக் காட்டியதால் மதிப்பை இழந்தது.’ மாணவர் எதைப் புரிந்துகொள்வார்?

இத்தகைய சரிவுகளுக்குப் பிறகுதான் வணிகக் கல்லூரிகள் தங்களைத் தாங்களே கேள்வி கேட்டுக்கொண்டன. ஐ.நா. ஆதரவோடு 2007இல் வெளியான பொறுப்புள்ள மேலாண்மைக் கல்விக்கான நெறிகளில் ஒன்றின் தலைப்பே ‘விழுமியங்கள்’ என்பதுதான். அமெரிக்கப் பேராசிரியர் மேரி ஜென்டைல் உருவாக்கிய பாடமுறையோ இன்னும் நேரடியானது. எது சரி என்பது மாணவருக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு, அதை மேலதிகாரியிடம் எந்தச் சொற்களில், எப்போது, யார் துணையோடு சொல்வது என்று ஒத்திகை பார்க்க வைக்கிறது. சொல்லுக்கே பயிற்சி தரும் வகுப்பில் தலைப்புச் சொல்லே தவறாக இருக்கலாமா?

கையேட்டுத் தொடரின் மற்ற இரண்டு சொற்களான பொறுப்பையும் தலைமைத்துவத்தையும் விட்டுவிட முடியவில்லை. ‘பொறுப்புத் தலைவர்’ என்றால், நிரந்தரத் தலைவர் வரும்வரை நாற்காலியில் அமர்ந்திருப்பவர் என்றுதான் நம் ஊரில் பொருள். பொறுப்புணர்வுள்ள தலைமை என்று எழுதலாம். தலைமைத்துவம் இலங்கையில் நிலைத்துவிட்ட வழக்கு, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தலைமையிலேயே ‘மை’ என்ற விகுதி இருக்கும்போது மேலும் ஒரு ‘த்துவம்’ எதற்கு?

அதே கையேட்டின் ஐந்தாம் பக்கத்தில் ‘மதிப்பீடுகள்’ என்றும், ஒன்பதாம் பக்கத்தில் ‘வேல்யூக்கள்’ என்றும் இருந்தது. கேள்வி கேட்ட மாணவி மூன்றையும் அடித்துவிட்டு, ஓரத்தில் பென்சிலால் விழுமியம் என்று எழுதிக்கொண்டார்.