மானியமா, நல்கையா?

தங்கைக்குப் பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்த அன்று, மட்டக்களப்பு மாவட்டத்துக் கரடியனாற்று வீட்டில் அம்மாதான் அதை முதலில் பிரித்தார். தலைப்பில் ‘பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு’ என்று இருந்தது. “மானியம் எண்டு போட்டிருக்கு மகள், நமக்குத் தாற பசளை மாதிரியா?” என்று கேட்டார். வயல்காரர் வீட்டில் மானியம் என்றால் பசளை மூட்டைதான். கமநல சேவை நிலையத்தில் பெயர் பதிந்து, வரிசையில் நின்று வாங்கி வந்தது. அம்மா கேட்டதில் பிழையில்லை.

மானியம் வடமொழியிலிருந்து வந்த சொல். ‘மான்ய’ என்றால் மதிப்புக்குரியது. கோயிலுக்கும் கற்றவருக்கும் ஊர்த்தொண்டு செய்தவருக்கும் வரி நீக்கி விட்ட நிலத்தை மானியம் என்றார்கள். அதற்குத் தமிழில் இறையிலி என்று அழகான பெயர் உண்டு. இறை என்றால் வரி. பிறகு நிலம் போய்ப் பணம் வந்தது. பசளை விலையில் அரசு ஏற்கும் பங்கும், ஒரு நிறுவனத்துக்கு அரசு கொடுக்கும் பணமும் மானியமாயின. மதிப்பு என்ற பொருள் எங்கோ உதிர்ந்துவிட்டது.

அன்றைய மானியம் அரசன் வாங்காமல் விட்ட வரி. இன்றையது நம்மிடம் வாங்கிய வரி. பல்கலைக்கழகக் கல்விக்குப் பாராளுமன்றம் ஒதுக்கும் பணத்தைப் பகிர்ந்து கொடுப்பது, 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டப்படி ஆணைக்குழுவின் வேலைகளில் ஒன்று. வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் முழுப் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகமும், அம்பாறை மாவட்டத்து ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இந்தப் பணத்தில்தான் நடக்கின்றன. எல்லா இனத்துப் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். ஆனாலும் போர்க்காலத்தில் தமிழ், முஸ்லிம் பிள்ளைகளுக்குத் திறந்திருந்த வாசல்கள் அவை. அதைச் சிறுபான்மையினருக்கு அரசு போட்ட சலுகை என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் நோகும். சீனி வாங்கும்போதும் போனுக்கு ரீலோட் போடும்போதும் அம்மாவும் வரி கட்டுகிறார்.

சரி, நிறுவனத்துக்கு வரும் இந்தப் பணத்தைத் தமிழில் என்ன சொல்லலாம்? தமிழ்நாட்டில் சிலர் நல்கை என்று எழுதுகிறார்கள். எனக்கும் அதுதான் பிடிக்கும். நல்குதல் என்றால் கொடுத்தல், அன்போடு கொடுத்தல். ‘தடிந்தெழிலி தான்நல்கா தாகி விடின்’ என்ற 17ஆம் குறளில் நல்குவது மேகம். கடலில் முகந்த நீரை அது திருப்பிப் பெய்யாவிட்டால் அந்த நெடுங்கடலே தன் இயல்பில் குன்றிவிடும் என்பது பொருள். எடுத்த இடத்துக்கே திரும்பிப் போகும் நீர். பல்கலைக்கழகத்துக்கு வரும் வரிப்பணத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

நன்கொடை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது கொடுப்பவரின் விருப்பம். மகாபொல போல மாணவர் கைக்கு வருவது புலமைப்பரிசில். விரிவுரையாளர் சம்பளத்துக்கும் ஆய்வுகூடத்துக்கும் விடுதிக் கட்டடத்துக்கும் நிறுவனத்தின் கணக்குக்கு வருவதே நல்கை. பசளைக்கு மானியம் என்ற சொல்லே இருக்கட்டும், அது வயலில் வேர்விட்டுப் போயிற்று.