தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது, டேம்சலைப் பாருங்கள்

உப்புத் தண்ணீர் தொட்டி வைத்திருப்பவர்கள் என்னைக் கூப்பிடும்போது பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான். "தண்ணி கெட்டுப்போச்சு போலிருக்கு, புதுசா விடுற மீன் மூணு நாள்கூட தாங்கல." சரி என்று டெஸ்ட் கிட்டோடு போவேன். மீன் கழிவிலிருந்து வரும் விஷங்களான அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், உப்பின் அடர்த்தி 1.025, எல்லாம் ஒழுங்காக இருக்கும். அப்புறம் ஒரு நாற்காலியைத் தள்ளிப் போட்டு அரை மணி நேரம் சும்மா உட்காருவேன். ஆள் கிட்டே வந்தால் எல்லா மீனும் தீனிக்காக முன்னால் வந்துவிடும், சண்டை தெரியாது. நாம் ஓய்ந்து உட்கார்ந்த பிறகுதான் யார் யாரைத் துரத்துகிறார்கள் என்பது தெரியவரும்.

வேலூர் சத்துவாச்சாரியில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் வீட்டில் அப்படித்தான் பார்த்தேன். மூன்றடித் தொட்டி, சுமார் 180 லிட்டர். நான்கு மாதத்தில் ஏழு மீன் போயிருந்தது. நடுப் பாறைக்குள்ளிருந்து டேம்சல் என்ற சின்னக் கடல் மீன் வகையைச் சேர்ந்த ஒரு கறுப்பு டோமினோ பாய்ந்து வந்து, மேல் மூலையில் ஹீட்டருக்குப் பின்னால் ஒடுங்கி நின்ற நீமோவை இடித்துவிட்டு உடனே திரும்பிப் போனது. இரண்டு நிமிடத்தில் மறுபடியும். அந்த நீமோவின் வால் நார் நாராகக் கிழிந்திருந்தது. "அது விளையாடுதுன்னு நெனச்சேன் தம்பி" என்றார் அவர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த டேம்சலை விற்றவர்கள் அவரிடம் எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

அது அங்கே வந்த கதை பல வீடுகளில் நடப்பதுதான். புதுத் தொட்டி பழகுவதற்கு, அதாவது கழிவை முறிக்கும் பாக்டீரியா பாறையிலும் மணலிலும் வளர்வதற்கு, நாலு முதல் ஆறு வாரம் ஆகும். "அதுவரைக்கும் ரெண்டு டேம்சல் விட்டு வைங்க, எதையும் தாங்கும், விலையும் கம்மி" என்று கடையில் கொடுத்தனுப்புகிறார்கள். தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் தொட்டி தயாராகும் நேரத்தில் அது ஒவ்வொரு பொந்தையும் தன்னுடையதாக்கிக்கொள்கிறது. சென்னை போகிற ரயிலில் ஜோலார்பேட்டையிலேயே ஏறி இடம் பிடித்தவர் காட்பாடியில் ஏறுகிறவருக்கு நகர்ந்து கொடுப்பாரா? ஒரு இன்ச்சில் வாங்கிய டோமினோ ஐந்து இன்ச்சுக்கு மேலும் வளரும், வளர வளர முரடாகும். மூன்று பட்டை டேம்சலும் லேசுப்பட்டதில்லை. தொட்டியைப் பழக்க மீனே தேவையில்லை. கொஞ்சம் அம்மோனியாவும் புட்டியில் விற்கும் பாக்டீரியாவும் பாக்டீரியா குடியேறிய கடல் பாறையான நல்ல லைவ் ராக்கும் பொறுமையும் போதும்.

இந்த மீன்களைக் கெட்ட மீன் என்று நான் சொல்லமாட்டேன். கடலில் டேம்சல் தனக்கென்று ஒரு துண்டுப் பவளப்பாறையையோ பாசி மேய்ச்சலையோ வைத்துக்கொண்டு காவல் காக்கிறது. யாராவது வந்தால் துரத்தும், வந்தவர் நாலடி தள்ளிப் போய்க் கண்ணுக்கு மறைந்தால் விட்டுவிடும். அந்த நாலடி நம் தொட்டியில் இல்லை. ஓடுகிற மீன் கண்ணாடியில் முட்டித் திரும்ப எதிரியின் கண் முன்னாலேயே வந்து நிற்கிறது, துரத்தல் முடிவதே இல்லை. இரவில் தூங்கப் பொந்து கிடைக்காமல், தீனிக்கும் வர முடியாமல் இரண்டு நாள் கழிந்தால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி போய்விடும். உடனே வெள்ளைப் புள்ளி நோய். வீட்டுக்காரர் புள்ளியைப் பார்க்கிறார், காப்பர் மருந்தைத் தொட்டியிலேயே ஊற்றுகிறார், இறாலும் பவளமும் செத்துப்போகின்றன. அடி வாங்கியதுதான் ஆரம்பம் என்பது யாருக்கும் தெரிவதில்லை.

நம்ம ஊர் வெயில் இதில் ஒரு தனிக் கணக்கு. கத்திரி நாட்களில் வேலூரில் வெளியே 40 டிகிரியைத் தாண்டினால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாத தொட்டி 30, 31 என்று ஏறிவிடும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, மீனுக்கோ தேவை அதிகம். மே மாதத்தில்தான் எனக்குச் சண்டைக்கான போன் அதிகம் வருகிறது. சூட்டைக் குறைக்க மூடியை எடுத்துவிட்டு ஃபேன் வைக்கிறார்கள். காற்று வறண்டிருப்பதால் இரண்டு மூன்று டிகிரி நன்றாகவே இறங்கும், ஆனால் துரத்தப்படும் மீன் அந்த வழியாகத்தான் குதிக்கிறது. வாத்தியார் வீட்டு ஃபயர் ஃபிஷ் சோபாவுக்கு அடியில் காய்ந்து கிடந்தது. மூடிக்குப் பதிலாகக் கொசு வலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி வையுங்கள், காற்றும் போகும், மீனும் வெளியே குதிக்காது. ஆவியாகிற அளவுக்குத் தினமும் ஆர்.ஓ. தண்ணீர் விட வேண்டும். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் எவ்வளவு கடினம் என்பதை உங்கள் வீட்டுக் குழாயில் படியும் வெள்ளையே காட்டும்.

புது மீனை விடும் விதத்தில்தான் பாதிச் சண்டையைத் தடுக்கலாம். நம்மில் பலர் சென்னை கொளத்தூர் வரை போய் வாங்கி, மூன்று மணி நேரம் பையிலேயே கொண்டுவந்து, அன்றைக்கே பளிச்சென்று லைட் எரிகிற தொட்டியில் கொட்டிவிடுகிறோம். முதலில் தனித் தொட்டியில் நாலு வாரமாவது வையுங்கள், நோயும் தெரியும், மீனும் தேறும். பிறகு சமையலறையில் இருக்கும் தெளிவான பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் சுற்றிலும் ஓட்டை போட்டு, அதற்குள் மீனை விட்டு, பெரிய தொட்டிக்குள்ளேயே நாலைந்து நாள் தொங்கவிடுங்கள். பழைய மீன் வந்து முட்டும், மோதும், ஒரு கட்டத்தில் அலுத்துப்போகும். அலுத்துப்போகவில்லை என்றால் டப்பாவைத் திறக்காதீர்கள். திறக்கும் நாளில் லைட்டை அணைத்து, பாறைகளை இடம் மாற்றி வைத்தால் எல்லாருக்குமே அது புது இடம்.

பாசி மேயும் டாங் வகை மீன்களுக்கு இன்னொன்றும் உதவும். தன்னைப் போன்ற உருவம் உள்ளதைத்தான் அது அதிகம் அடிக்கும், அதனால் புது டாங் விடும் வாரத்தில் கண்ணாடிக்கு வெளியே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சில மணி நேரம் சாய்த்து வைத்தால் பழைய டாங் அதோடு மல்லுக்கட்டும். நோரி என்ற உலர்ந்த கடல்பாசித் தாளையும் இரண்டு மூலையில் கட்டுங்கள். வலையில் பிடிக்கும்போது கை பத்திரம், அதன் வாலடியில் இருக்கும் முள் பிளேடு மாதிரி அறுக்கும். பவுடர் ப்ளூ டாங்கை நாலடித் தொட்டிக்கு யாராவது விற்றால் வாங்காதீர்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

நீமோ கேட்பவர்களிடம் நான் சொல்வது, சின்னதும் பெரிதுமாக ஒரே இனத்தில் இரண்டு வாங்குங்கள், முடிந்தால் பண்ணையில் பொரித்ததை. பெரிதாக இருப்பது பெண்ணாக மாறும், சின்னது ஆணாக அடங்கி நிற்கும். ஜோடி சேர்ந்த பிறகு மூன்றாவதை விட்டால் இரண்டும் சேர்ந்து அதை அடித்தே கொன்றுவிடும். முட்டை வைத்திருக்கும்போது உங்கள் கையையும் கடிக்கும், அது இயல்பு.

சரி, அடிக்கிற மீன் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, என்ன செய்வது? வலையோடு துரத்தி எல்லாப் பாறையையும் கலைக்காதீர்கள், மற்ற மீன்களும் சேர்ந்து சாகும். ஒரு லிட்டர் பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே உறைந்த இறாலைப் போட்டு, கல் வைத்து அமிழ்த்துங்கள். அடாவடி மீன்தான் பெரும்பாலும் தீனிக்கும் முதலில் வரும். பிடித்ததை ஒன்றிரண்டு வாரம் சம்பில், அதாவது தொட்டியோடு இணைந்த ஃபில்டர் தொட்டியில், வைத்துவிட்டுத் திருப்பி விட்டால், அதற்குள் மற்றவை இடம் பிடித்திருக்கும். டோமினோ மாதிரி வளர்ந்த முரடனுக்கு இது போதாது, பெரிய தொட்டி இருப்பவரிடம் கொடுத்துவிடுவதுதான் வழி.

வாத்தியார் வீட்டு டோமினோ பாட்டிலுக்குள் வர இரண்டு நாள் எடுத்தது. இப்போது அது ராணிப்பேட்டையில் ஆறடித் தொட்டி ஒன்றில் டிரிக்கர் மீன்களோடு இருக்கிறது. வால் கிழிந்த நீமோ நாலாவது நாள் ஹீட்டரை விட்டு வெளியே வந்து கையருகே தீனி எடுத்தது, வாத்தியார் அதை வீடியோ எடுத்து அனுப்பியிருந்தார்.